பண்டிகை நாளில் குடியைத் தாண்டுவது

ஓசூர் சிப்காட் தொழிலாளிக்குச் சோதனைக் காலம் ஆயுத பூஜையிலேயே தொடங்கிவிடுகிறது. இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் கையில் விடுமுறை; அடுத்து தீபாவளி போனஸ். சட்டப்படி அது சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம். குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவருக்கு மொத்தப் பணமும் ஓய்வும் சேர்ந்து வருவது ஆபத்து. போனஸை மனைவியின் கணக்கில் போடுவது பலருக்குக் கைகொடுக்கிறது.

பொங்கலை ஒட்டிய திருவள்ளுவர் தினத்தில் டாஸ்மாக் மூடியிருக்கும். ஆனால் எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி; அங்கே மதுக்கடை திறந்திருக்கும். எல்லையில் வாழ்பவர் கடையடைப்பை நம்ப முடியாது.

குடிக்கும் வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். பசி, கோபம், தனிமை, களைப்பு அதைத் தூண்டும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு விருந்துக்குப் போவது, கையில் மோர் டம்ளரை வைத்துக்கொள்வது, “மாத்திரை சாப்பிடுறேன் மச்சான்” என்று சுருக்கமாக மறுப்பது எல்லாம் உதவும்.

குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலப்பது கொடுமை. அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். மருத்துவர் துணை வேண்டும். பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடிநோய் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.