வாட்டர் ஸ்கூட்டர் சூடானால் எங்கே பார்ப்பது?

கோவாக் கடற்கரைகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சீறும் வாட்டர் ஸ்கூட்டருக்கு ரேடியேட்டர் கிடையாது. சுற்றிலும் கடல் இருக்கும்போது அது எதற்கு? வண்டி தான் மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு, வெளியே கொட்டிவிடுகிறது. யமஹா, கவாசாகி வண்டிகளில் இந்த ஏற்பாடுதான். பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு: இந்த வண்டிகளில் அந்தத் தண்ணீரை ஏற்றத் தனி பம்ப்பும் கிடையாது. வண்டியின் அடியில் உள்ள வாய் வழியாகத் தண்ணீரை இழுத்துப் பின்னால் பீய்ச்சும் ஜெட் பம்ப்பே, தன் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கை ஒரு குழாய் மூலம் எஞ்சினுக்கும் அனுப்புகிறது. வண்டியை ஓட்டுவதும் குளிரவைப்பதும் அந்தப் பம்ப்புக்குள் சுழலும் ஒரே இம்பெல்லர்தான். அதனால் சூட்டு எச்சரிக்கை அடித்ததும் சீட்டைத் தூக்கி எஞ்சினைக் குடையத் தொடங்குவது வேலையைத் தலைகீழாகச் செய்வது. முதலில் வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்த வேகத்தில் சூடேறுகிறது என்று ஓட்டியவரிடம் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு அவ்வளவு முக்கியத்துவம் தரக் காரணம் இருக்கிறது. பம்ப் தரும் அழுத்தம், சுற்று வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 7,500 சுற்றில் கிடைக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய 25-இல் ஒரு பங்குதான் 1,500 சுற்றில் கிடைக்கும். ஐட்லிங்கில் எஞ்சின் விடும் வெப்பமும் குறைவு என்பதால் வழக்கமாகச் சமாளித்துவிடும்; ஆனால் கையில் மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அடிவாயின் கம்பித் தட்டியில் பாசியோ பிளாஸ்டிக் பையோ நைலான் கயிறோ சிக்கினால் முதலில் அடிபடுவது இந்த மெதுவான ஓட்டம்தான். கரையோரம் ஊர்ந்து வரும்போது எச்சரிக்கை அடித்து, வேகம் கூட்டியதும் அடங்கினால், சந்தேகம் பம்ப்பின் மேல்தான் விழ வேண்டும். கூடவே எஞ்சின் கத்துகிறது, வண்டி அந்த அளவுக்கு முன்னேறவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அடைப்பு எதுவும் இல்லாவிட்டால், இம்பெல்லரைச் சுற்றியுள்ள வேர் ரிங் (wear ring) என்ற வளையம் தேய்ந்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அது அகன்றால் தண்ணீர் பின்வாங்கி அழுத்தம் போய்விடும். மூன்றடிக்கும் குறைவான ஆழத்தில் எஞ்சினை ஓட்டி மணலை உறிஞ்சவிடுவதே இந்தத் தேய்மானத்துக்கு முக்கியக் காரணம். (அடியில் கைவிட்டுச் சுத்தம் செய்யும் முன் எஞ்சினை அணைத்து, பாதுகாப்புக் கயிற்றின் சாவியையும் கழற்றிவிட வேண்டும். விரல் போனால் வராது.)

நேர்மாறாக, மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து, முழு வேகத்தில் சில நிமிடம் ஓடியபின் சூடேறினால், தண்ணீர் வருகிறது, போதவில்லை என்று பொருள். குழாய் மடங்கியிருக்கலாம், அல்லது உள்ளே உப்பும் சுண்ணமும் படிந்து பாதை குறுகியிருக்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. எஞ்சினை அணைத்த பிறகு உள்ளே தேங்கியது அந்தச் சூட்டில் காய்ந்தால், உப்பு அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் கடலில் ஓட்டியபின் நல்ல தண்ணீரால் அலசச் சொல்கிறார்கள். அலசும்போது வரிசை மாறக்கூடாது: எஞ்சினை முதலில் கிளப்பிய பிறகே குழாயைத் திறக்க வேண்டும்; முடிக்கும்போது குழாயை முதலில் மூடிய பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். ஓடாத எஞ்சினுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டால், வெளித்தள்ளப் புகையின் வேகம் இல்லாமல் அது சைலன்சர் பாதையில் நிறைந்து சிலிண்டர் வரை ஏறிவிடும். எஞ்சினை அப்படியே கிளப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும்.

முதலில் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்வதை சீ-டூ வண்டி வைத்திருப்பவர்கள் மறுக்கலாம். 2002-இல் வந்த அதன் 4-டெக் எஞ்சினில் கடல்நீர் நுழைவதே இல்லை. காரில் உள்ளதுபோல் கூலன்ட் மூடிய பாதையில் சுற்றி, அடித்தட்டில் உள்ள ரைடு பிளேட் வழியாகத் தன் சூட்டைத் தண்ணீரிடம் விடுகிறது. மறுப்பில் நியாயம் உண்டு. அங்கே கூலன்ட் அளவையும் தெர்மோஸ்டாட்டையும் முதலில் பார்ப்பது சரி. ஆனால் அதன் எக்ஸாஸ்டைக் குளிர்விப்பது இப்போதும் ஜெட் பம்ப்பிலிருந்து வரும் வெளித்தண்ணீர்தான். அது நின்றால் ரப்பர் குழாய்கள் உருகும். இன்னொன்று, டிரெய்லரில் ஏற்றிய வண்டியின் ரைடு பிளேட் காற்றில் தொங்குகிறது. அலசும் குழாய் எக்ஸாஸ்டை மட்டுமே குளிர்விக்கும். கரையில் சில நிமிடம் ஓட்டிவிட்டு ‘சூடாகிறது, எஞ்சின் கோளாறு’ என்று சொல்லும் மெக்கானிக், கோளாறைத் தானே உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்.

பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதே, பிறகென்ன என்பார்கள் சிலர். தண்ணீர் அந்தக் கிளைவரை வந்து சேர்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மற்ற கிளைகளில் போதுமான அளவு ஓடுகிறதா என்பதை அது சொல்லாது. வேறு சிலர் நேராக சென்சாரை மாற்றச் சொல்வார்கள். உப்புக் காற்றில் கனெக்டர் அரிப்பதும் சென்சார் பொய் சொல்வதும் உண்மைதான். ஆனால் அதைச் சோதிப்பது எளிது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சின், கிளப்பிய இரண்டு விநாடியில் எச்சரித்தால் அது மின்சாரக் கோளாறு. அவ்வளவு இரும்பும் அலுமினியமும் அதற்குள் சூடேற வழியில்லை. ஓடிய பின் அடிக்கும் எச்சரிக்கையை, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எஞ்சின்மேல் காட்டிப் பார்க்காமல் சென்சார்மேல் பழி போடக்கூடாது.

எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டிய நிலையும் உண்டு. சீ-டூ போன்ற கூலன்ட் வண்டியில் எங்கும் கசிவில்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், அதன் டப்பாவில் குமிழிகள் ஓயாமல் எழுந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கம்ப்ரஷன் பார்த்து உறுதிசெய்யலாம். ஆயில் பால்போல் வெளுத்திருப்பதையும் இதே கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் தண்ணீரில் கவிழ்ந்த வண்டி காற்று வழியாகத் தண்ணீரைக் குடித்தாலும் ஆயில் அதே நிறம்தான் காட்டும். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன், வண்டி எப்போதாவது கவிழ்ந்ததா என்று கேட்டுவிடுவது நல்லது.