வண்டி வேலையை விட வேண்டியதில்லை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், மாத்திரை, உணவு, அடுத்த வருகை ஆகியவற்றைக் கேட்டு முடித்த பின் சிலர் சற்றுத் தயங்கி இன்னொன்றும் கேட்பதுண்டு: "வண்டி வேலை பார்க்கலாமா, டாக்டர்?" வண்டி ஓட்டுவது பற்றியதன்று இக்கேள்வி. கொட்டகையில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கும் பழைய புல்லட்டையோ யெஸ்டியையோ கழற்றிப் பூட்டலாமா என்பதே அதன் பொருள். அருகில் நிற்கும் மனைவியோ மகளோ, "வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று கண்ணாலேயே எங்களிடம் வேண்டுவதும் உண்டு.

பெரும்பாலும் நாங்கள் "பார்க்கலாம்" என்றே சொல்கிறோம். நோயிலிருந்து மீள்பவருக்குக் கையும் மனமும் ஒருசேர ஈடுபடும் வேலை நல்லது. ஏற்காட்டு மலையில், குறிப்பாகக் கொட்டச்சேடு போன்ற ஊர்களில், அது வெறும் பொழுதுபோக்கும் அன்று. காப்பித் தோட்டத்துக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் போய்வர அந்த வண்டியே துணை. ஆனால் எங்களிடம் வரும் வண்டிக் காயங்கள் எல்லாம் சாலையில் நேர்ந்தவை அல்ல. நின்றுகொண்டிருந்த வண்டியால் நேர்ந்தவையும் உண்டு. அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலில் கிக்கர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் கூட்டுறவோடு சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட்டை வைத்திருப்பவர்களுக்கு அதன் குணம் தெரியும். கிக்கரை மெல்ல அழுத்தி, இறுகும் இடத்தில் டிகம்ப்ரசரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகுதான் முழு உதை. முறை தெரிந்தவருக்கு ஓர் உதை போதும். தெரியாதவர் இருபது முறை உதைப்பார். இந்த இருபது முறைதான் எங்கள் கவலை. ஒவ்வோர் உதையிலும் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்குகிறோம். இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. குடலிறக்க அறுவை செய்துகொண்டவரும், மாரடைப்பிலிருந்து மீண்டு வருபவரும் தம் மருத்துவர் அனுமதிக்கும்வரை கிக்கரைத் தொடவேண்டாம். வீட்டில் வேறொருவர் உதைத்துக் கொடுக்கட்டும். டைமிங் முந்திப்போயிருந்தால் கிக்கர் எதிர்த்து அடிக்கும். அந்த அடியில் கணுக்கால் எலும்பு முறியலாம். செருப்போடு உதைக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடான சைலன்சர் பட்டதே தெரியாது. மாலையில் மனைவி பார்த்துச் சொல்லும்போதுதான் கொப்புளம் தெரியவரும். அதற்குள் அது புண்ணாகியிருக்கும். மூடிய காலணியும் முழுக்கால் சட்டையும் அணிந்தே கொட்டகைக்குள் செல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவருக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

எங்களை அதிகம் வருத்துவது செயின். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டு, சுற்றும் செயின்மேல் துணியைப் பிடித்துத் துடைக்கும் வழக்கம் மலையிலும் இருக்கிறது, சமவெளியிலும் இருக்கிறது. விரைவில் சுத்தமாகும் என்பது உண்மைதான். ஆனால் துணியின் ஒரு நூல் ஸ்பிராக்கெட் பல்லில் மாட்டினால், துணியைச் சுற்றியிருக்கும் விரலும் உடன் போகும். விட்டுவிடலாம் என்று நினைக்கக்கூட நேரம் இராது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரஷ்ஷால் தேயுங்கள். ஒருவர் சுற்ற மற்றவர் துடைப்பதும் வேண்டாம். சுற்றும் கையும் துடைக்கும் கையும் ஒரே ஆளுடையவையாக இருக்கட்டும். அருகில் குழந்தைகள் வந்து நிற்பார்கள். சுழலும் எதையும் தொட்டுப் பார்ப்பது அவர்கள் இயல்பு. வண்டி வேலை நடக்கும்போது குழந்தையைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும்.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தை அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். பனிக்கட்டியின்மேல் நேராக வைத்தால் திசு உறைந்து கெடும். மஞ்சளோ காப்பித்தூளோ வைக்க வேண்டாம். செயினில் நசுங்கிய விரலை எப்போதும் மீண்டும் பொருத்த முடிவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆயினும் முடியுமா முடியாதா என்பதைக் கொட்டகையில் தீர்மானிக்கலாகாது. 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது பெட்ரோல். வண்டியைச் சேலம் சந்திப்பிலிருந்து ரயிலில் பார்சலாக அனுப்ப வேண்டுமானால், டேங்க்கைக் காலிசெய்து, சாக்கு கட்டி, ஆர்.சி. நகலோடு கொண்டுபோக வேண்டும். அந்தக் காலிசெய்யும் வேலைக்கு டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள். பெட்ரோல் நீரைவிட நீர்த்தது. தொண்டையைத் தொட்ட ஒரு மிடறு புரையேறினால் நுரையீரலுக்குள் பரவி அதன் உள்உறையைப் புண்ணாக்கும். வயிற்றுக்குள் போனதைவிட நுரையீரலுக்குள் போனதே ஆபத்து. ஆகவே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புநீரும் பாலும் கொடுக்காதீர்கள். வாந்தி வரும்போது அது இரண்டாம் முறை நுரையீரலுக்குள் போகும். நனைந்த சட்டையைக் கழற்றி, நிமிர்ந்து உட்காரவைத்து மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். பெட்ரோல் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கக்கூடும். இருமலும் மூச்சுத்திணறலும் இல்லாமல் ஆறு மணி நேரம் கடந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை மலைமேல் கழிக்காமல் எங்கள் கண்முன் கழிப்பது நல்லது.

உறிஞ்சத் தேவையே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி, ஒரு தகரக் கேனுக்குள் விட்டு, டேப்பை 'ரிசர்வ்' நிலையில் திறந்தால் ஏறக்குறைய முழுவதும் தானே வடிந்துவிடும். வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஏற்காட்டின் மழைக்குளிரில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலியும் குமட்டலும்தான் அது தரும் முன்னறிவிப்பு. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருந்திருக்கக்கூடும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

வண்டியைக் குட்டி யானையில் ஏற்றும்போது மலைக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு: மேட்டோரமாக வண்டியைப் பின்னோக்கி நிறுத்தி, மேட்டின் மட்டத்திலிருந்தே பலகை போட்டுத் தள்ளிவிடுவர். அதையே நாங்களும் பரிந்துரைக்கிறோம். புல்லட் 160 கிலோவுக்கு மேல் இருக்கும். குனிந்து தூக்கினால் முதுகுதான் விலை கொடுக்கும். சாயும் வண்டியைத் தாங்க முயலாதீர்கள், விட்டுவிடுங்கள். ஏற்றிய பின் கயிற்றால் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டுங்கள். வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு பையனை அதன்மேல் உட்காரவைத்துக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்குவதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள்.

வண்டியை ஓட்டியே கொட்டச்சேட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்குபவர்கள் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். மிதித்தும் நிற்காத வண்டியின் கதையை எங்களிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடும் பழைய யெஸ்டி போன்ற இரு வீச்சு எஞ்சினுக்கு இன்னொன்றும் உண்டு. த்ராட்டிலை முழுதும் மூடியபடி நெடுந்தூரம் இறங்கினால் எண்ணெயும் போகாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் இறுகிவிடும். இடையிடையே த்ராட்டிலைச் சற்றுத் திறந்து மூடுங்கள். பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. மற்ற வண்டிகளில் இது மாறியிருக்கும். வீட்டில் வேறொருவர் அதை இரவல் வாங்கி இறங்குவதானால், முதலில் சமதளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும்.