மருந்தாகும் மஞ்சளில் நஞ்சாகும் மெருகு

புதுதில்லி: தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன், நாவல் பழத்துக்குக் கருநீலத்தைத் தரும் அந்தோசயனின், மஞ்சளுக்கு அதன் நிறத்தைத் தரும் குர்குமின் ஆகியவை கண்ணுக்கு விருந்தாகும் நிறமிகள் மட்டுமல்ல. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பதும், வீக்கத்துக்கும் வலிக்கும் காரணமான அழற்சியைத் தணிப்பதும் இவற்றின் இயல்பு என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன.

இவற்றுள் மஞ்சளுக்காக இந்தியா சர்வதேச அளவில் வழக்காடியே வென்றது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் அளிக்கப்பட்ட காப்புரிமையை, அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களை ஆதாரம் காட்டி எதிர்த்தது. 1997-ல் அந்த உரிமை நிராகரிக்கப்பட்டது.

எனினும், மஞ்சளில் குர்குமினின் அளவு சில சதவீதமே. அதுவும் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சப்படும் அளவு பன்மடங்கு உயர்வதை பெங்களூர் விஞ்ஞானிகள் 1998-ல் கண்டறிந்தனர். ஆயினும் மாத்திரைக்கு மாற்றாக மஞ்சளைக் கொள்ளலாம் என்னும் அளவுக்கு மனிதர்களிடம் நடந்த சோதனைகள் உறுதி தரவில்லை. அன்றாட உணவில் அளவோடு சேர்ப்பதே பொருத்தம்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சளே தரமானது என்று வாங்குவோர் கருதுவதால், விரலி மஞ்சளுக்கு மெருகேற்றும்போது சில வணிகர்கள் ஈய குரோமேட் என்னும் சாயத்தைச் சேர்க்கின்றனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தியாவில் மஞ்சளில் ஈயத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம். தெற்காசிய நகரங்களில் திரட்டிய மாதிரிகள் குறித்து 2024-ல் வெளியான ஆய்வில், பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் இது 1,000 மில்லிகிராமையும் தாண்டியது.

தடுக்க முடியாத தீமை அல்ல இது. வங்கதேசத்தில் 2019-ல் எடுத்த சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. மொத்த வியாபாரச் சந்தைகளில் சோதனை, அபராதம், பரவலான விழிப்புணர்வுப் பிரசாரம் ஆகியவற்றின் பயனாக 2021-ல் அது பூஜ்யமானது.

இந்தியாவில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டப்படி, பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனையும் விதிக்கலாம். ஆனால், ஈயம் உடனே உயிரைப் பறிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகத் தேங்குகிறது. பாதிப்பு தெரியவரும்போது எந்தக் கடையின் மஞ்சள் காரணம் என்று நிறுவுவது அரிது. எனவே, தண்டனையைவிடச் சோதனையே முக்கியம். அதைச் சந்தையில் செய்ய வேண்டியவர்கள் மாநில உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள்.

நிறம் மங்கிய மஞ்சள் மட்டமானது என்ற எண்ணத்தை வாங்குவோர் கைவிட்டால், சாயத்துக்கும் சந்தையில் வேலையிராது.