பெட்டி இழுக்கும் டிராக்டரை எப்போது மாற்றுவது? புகையும் பிரேக்கும் சொல்லும் கணக்கு

ஆலத்தியூர்,

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் 1997-ம் ஆண்டு ராம்கோ சிமெண்டு ஆலை வந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் இந்தப் பக்கத்து ரோடுகளில்தான் மக்காச்சோளமும் பருத்தியும் ஏற்றிய டிராக்டர்களும் போகின்றன. பழைய டிராக்டரை "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்" என்று தள்ளிப்போட்டால் ஆபத்து.

நீலப் புகை

கறுப்புப் புகைக்குப் பயம் வேண்டாம். ஏர் பில்டர், நாசில் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீலப் புகை வந்தால் என்ஜினில் ஆயில் எரிகிறது, செலவு பெரிசு. என்ஜின் வேலை மட்டும் என்றால் செய்து ஓட்டலாம். கியர் பாக்ஸ், கிரவுன் என்று வரிசையாக வந்தால் யோசிக்கணும்.

பிரேக் பிடிக்குமா?

பல பெட்டிகளுக்குத் தனி பிரேக் கிடையாது. பின்னால் வரும் பாரம் முழுவதையும் டிராக்டர்தான் நிறுத்த வேண்டும். ரோட்டில் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். அப்படியும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், சரி செய்யும் வரை லோடு ஏற்றக்கூடாது.

இரும்பு விலை!

ஒரு வருஷ ரிப்பேர் செலவோடு, அறுவடை நேரத்தில் வண்டி நின்றதால் போன வாடகையையும் கூட்டுங்கள். புது டிராக்டரின் ஒரு வருஷத் தவணையை அது எட்டினால் மாற்றிவிட வேண்டியதுதான். ஓடுகிறபோது விற்றால் வண்டி விலை; நின்றபிறகு விற்றால் இரும்பு விலை!