சித்தன்னவாசலில் கல்லும் மண்ணும் தந்த நிறங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குப் போனால், அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்கத் தாமரைக் குளம்! மீன், அன்னம், எருமை, யானை, நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். பாண்டியர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியம் இது.

மூலிகைச் சாற்றில் வரைந்தது என்று பலர் சொல்வார்கள். ஆனால் 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ்.பரமசிவன் இந்த வண்ணங்களைச் சோதித்தார். கருப்பு மட்டும் மரக்கரி. மற்றவை மண்ணும் கல்லும்தான்: வெள்ளைக்குச் சுண்ணாம்பு, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பச்சைக்கு ஒருவகைப் பச்சை மண், நீலத்துக்கு லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல். பழங்காலத்தில் அந்தக் கல்லுக்குப் பெயர்பெற்ற இடம் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகள். எவ்வளவு தூரம், பாருங்கள்!

மண்ணின் நிறம் ஏன் எளிதில் வெளுப்பதில்லை? சட்டையில் சாம்பார் சிந்தினால் படியும் மஞ்சள் கறை வெயிலில் காயக் காய வெளுத்துவிடும். மஞ்சளின் நிறப்பொருளை வெயில் உடைத்துவிடுகிறது. காவி மண்ணின் நிறமோ இரும்பு தருவது. அந்த இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனோடு கூடிவிட்டதால் வெயிலும் காற்றும் அதை எளிதில் மாற்ற முடியாது. ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கும் முன் ‘ரெட் ஆக்சைடு’ பூசுவார்களே, அதன் சிவப்பும் இந்த இரும்பு ஆக்சைடுதான்.

மஞ்சள் காவி மண் கொஞ்சம் கிடைத்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பழைய இரும்புக் கரண்டியில் போட்டு நன்றாகச் சூடாக்கச் சொல்லுங்கள். மஞ்சள் மெல்ல மெல்லச் செங்காவியாகும். மஞ்சள் காவியிலுள்ள கோதைட் என்ற கனிமத்துக்குள் நீர் கட்டுண்டு இருக்கிறது. சூட்டில் அது வெளியேறியதும் மிஞ்சுவது ஹெமடைட் என்னும் சிவப்புக் கனிமம். ஒரே மண், இரண்டு நிறம்! எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் பாடம் இதுதான்.

பாறைமேல் பூசிய சுண்ணாம்புச் சாந்துதான் ஓவியத்தைத் தாங்குகிறது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு திரும்பவும் கல்போல இறுகும். இருந்தாலும் காலப்போக்கில் சாந்து பெயர்ந்து உதிர்ந்ததால் பல உருவங்களை இழந்துவிட்டோம். இனிமேல் உதிர்வதாவது நம் கையால் நேர வேண்டாம். அங்கே போகும்போது கண்ணால் மட்டும் பாருங்கள். சுவரையும் தூணையும் தொடாதீர்கள். கூட வருபவர்கள் தொட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.