மருந்தெச்சத்தைச் சிதைக்கும் வெயில்

தமிழக-கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு முகட்டில் பெய்யும் மழையில் கிழக்குச் சரிவின் பங்கு கொட்டகுடி ஆற்றின் வழியே வைகைக்கும், மேற்குச் சரிவின் பங்கு பூப்பாறை வழியோடும் பன்னியாற்றின் மூலம் பெரியாற்றுக்கும் போய்ச் சேர்கிறது. எந்தப் பக்கம் இறங்கினாலும் அந்நீர் ஊர்களின் சாக்கடையைச் சந்திக்கிறது. விழுங்கிய மாத்திரையில் உடல் பயன்படுத்தாத பங்கு சிறுநீரோடு வெளியேறிச் சேருமிடமும் அச்சாக்கடையே. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய ஆறுகளில் வலிப்பு நோய்க்கான கார்பமாசெபைன் இருப்பதை 2011இலும், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் இருப்பதை 2014இலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

ஆறுகளில் காணப்படும் அளவு மிகச் சிறிது. மருந்து ஆலைகளின் வாசலில் நிலைமை வேறு. ஐதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில், ஏறத்தாழ 90 ஆலைகளின் கழிவைப் பெறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து இருந்ததைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2007இல் அறிவித்தார்கள். அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருப்பதில்லை.

இத்தகைய நீருக்கு முன்வைக்கப்படும் வழிகளுள் ஒன்று ஒளிவினையூக்கி, அதாவது ஒளியை உறிஞ்சி, தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையைத் தூண்டும் பொருள். டைட்டானியம் டைஆக்சைடு மின்முனையில் ஒளிபட்டால் நீர் பிரிகிறது என்று ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் காட்டியதிலிருந்து இத்துறை வளர்ந்தது. புறஊதாக் கதிர் பட்டதும் அப்பொருளில் ஓர் எலக்ட்ரான் மேலெழ, அது விட்ட வெற்றிடம் நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்குகிறது. கணப்பொழுதே நிலைக்கும் இத்துகள் எதிர்ப்படும் கரிமச் சேர்மத்தைத் தாக்கி உடைக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் மூலக்கூறில் பெரும்பாலும் பக்கவாட்டிலுள்ள பைப்பரசின் வளையமே முதலில் சிதைகிறது. மூலக்கூறு முழுதும் ஒரேயடியாகச் சிதையாததால், கிருமியைக் கொல்லும் திறன் அடங்கியதா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். நச்சுத்தன்மையையும் பார்க்க வேண்டும்; ஏனெனில், சில மருந்துகளின் உடைந்த துண்டுகள் மூலப்பொருளைவிட நச்சு மிகுந்தவையாக இருக்கக்கூடும்.

இந்த வினையூக்கிக்குக் கேரளம் அயலன்று. சவறக் கடற்கரை மணலின் இல்மனைட்டே இதன் மூலக்கனிமம்; திருவனந்தபுரத்தின் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை, ஒளிவினைக்கு ஏற்ற அனடேஸ் வகையையே பெயின்ட்டுக்கும் காகிதத்துக்குமாகத் தயாரித்துவந்துள்ளது. நீரைத் தூய்மையாக்கக்கூடிய இப்பொருளைச் சல்பேட் முறையில் ஆக்கும்போது அமிலக் கழிவுநீர் மிஞ்சுவது ஒரு முரண்.

ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் மருந்தைக் கரைத்து, விளக்கடியில் வைத்துப் பெறும் வெற்றியை அப்படியே ஆற்றுக்கு ஏற்றிச் சொல்வது பிழை. சாக்கடை நீரின் கலங்கல் ஒளியை மறைக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட்டும் மட்கிய கரிமப் பொருளும் தனியுறுப்புகளை விழுங்கிவிடுகின்றன. வெயிலிலோ புறஊதாப் பங்கு ஏறத்தாழ 5 சதவீதமே. மாவினும் நுண்ணிய தூளை நீரிலிருந்து மீட்பது கடினமாதலால் கண்ணாடியிலோ மணிகளிலோ பூசிப் பயன்படுத்துகிறார்கள். அப்போது நீரைத் தொடும் பரப்பு குறைந்து வேகமும் குறைகிறது. ஆகவே இம்முறை ஆற்றுக்கு உரியதன்று. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு முடிந்து தெளிந்த ஆலைக்கழிவுக்கும் மருத்துவமனைக் கழிவுக்குமே, அதிலும் கார்பமாசெபைன் போல நுண்ணுயிர்களுக்கு மசியாதவற்றுக்கே, இது பொருந்தும்.