தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி: புதுக் குழல் மாட்டலாமா?

தென்தமிழகத்தின் மலையடிவாரத்து ஊர்களுக்குத் துப்பாக்கி புதிய பொருள் அல்ல. வடகரை, சொக்கம்பட்டி, சிவகிரி, ஊத்துமலை என்று இந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் பாளையங்கள்தான். பாளையக்காரர் படைகளில் நீண்ட ஈட்டியோடு திரித்துப்பாக்கியும் இருந்தது. பாளையக்காரர்களோடு நடந்த 1801 போர் முடிந்ததும் கிழக்கிந்தியக் கும்பினி அந்த ஆயுதங்களைப் பறித்தது. பிறகு வந்த 1878 ஆயுதச் சட்டம், துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றாக்கியது.

உரிமம் எடுத்து வைத்திருந்த பழைய துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளைக்கு முதலில் தோன்றுவது, "புதுக் குழல் மாட்டினால் சுடுமா?" என்ற கேள்விதான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய ஆக்‌ஷனில் புதுக் குழலும் மரக்கட்டையும் பொருத்துவது தனிக் கைத்தொழில். அவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டுத் துப்பாக்கியை ஏன் அப்படியே விட வேண்டும் என்பதும் விளங்கும்.

ஆக்‌ஷன் என்பது எது?

தோட்டா வெடிக்கும்போது குண்டு முன்னால் பாய்கிறது. அதே அழுத்தம் பின்னாலும் இடிக்கிறது. பின்வாயை அடைத்து அந்த இடியைத் தாங்கும் இரும்புக் கட்டை, அதைத் திறந்து மூடும் பொறி, குதிரை, விசை எல்லாம் சேர்ந்ததே ஆக்‌ஷன். குழல் தேய்ந்தால் வேறு குழல் போடலாம். ஆக்‌ஷன் பிளந்தால் அதற்கு நேராக இருப்பது சுடுபவரின் முகம்.

முன்வாயில் மருந்தைப் போட்டுக் கெசக்கோலால் இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்குத் திறந்து மூடும் பின்வாயே கிடையாது. தோட்டாத் துப்பாக்கிக்கு அது அடித்தளமாக உதவாது.

நம் நாட்டுக்கு வந்த வகைகள்

1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது என்ஃபீல்டு துப்பாக்கி. அதன் பின்பக்கத்தை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் கட்டையைப் பொருத்தி 1866இல் ஆங்கிலேயர் படைக்குக் கொடுத்ததே ஸ்னைடர். இருந்ததை மாற்றிச் செய்த ஏற்பாடு அது.

1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றி, தொடக்கத்திலிருந்தே தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. அடியில் இருக்கும் நெம்புகோலைத் தாழ்த்தினால் கட்டையின் முன்பக்கம் இறங்கும். காலித் தோட்டா வெளியே வரும். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி அடுத்த சூட்டுக்குத் தயாராகும். வெளியே குதிரையே தெரியாது. இதே பொறி பின்னர் .303 தோட்டாவுக்கும் ஏற்றதாக்கப்பட்டு மார்ட்டினி-என்ஃபீல்டு ஆனது.

வங்காளத்து இஷாப்பூர் ஆலை வேறு வழியில் போனது. .303 என்ஃபீல்டுகளைக் காவல் பணிக்காக .410 ஒற்றைச் சூட்டு மஸ்கட்டுகளாக மாற்றியது.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் விரும்பியவை 1872இல் காப்புரிமை பெற்ற ஃபர்குஹார்சனும், ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1885உம். இரண்டிலும் கட்டை முழுதாகக் கீழே இறங்கும்.

தேர்ந்தவர்கள் பார்ப்பது

முதலில் பார்ப்பது, எந்த மருந்துக்காகச் செய்தது என்பதை. கருமருந்தின் அழுத்தம் குறைவு. புகையில்லா மருந்தின் அழுத்தம் மிக அதிகம். கருமருந்துக் காலத்து இரும்பில் இன்றைய தோட்டாவைப் போடுவது உயிரோடு விளையாடுவது.

அடுத்து, மூடிய கட்டைக்கும் தோட்டாவின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி. தேய்மானத்தால் அது அளவுக்கு மேல் கூடியிருந்தால் தோட்டாவின் உறை கிழிந்து, சூடான வாயு பின்னால் பீறிடும். இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அளவுமானி வேண்டும்.

மூன்றாவது, முத்திரைகள். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் செய்த மார்ட்டினி போலிகள் ஏராளம். எழுத்து தலைகீழாகவோ பிழையாகவோ பொறித்திருந்தால் உள்ளே இருக்கும் இரும்பையும் நம்பக் கூடாது. மரக்கட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் துருக்குழியும் இதே கணக்குத்தான்.

நம் ஊரில் சரியான முடிவு

உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் மாற்றியமைப்பதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 45ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. பட்டறையில் கொடுத்துச் சுட வைக்க முடியுமானால் அந்த விலக்கு கிடையாது. காட்டுப்பன்றி வயலை உழுது போட்டாலும் துப்பாக்கியைத் தேட வேண்டாம், அதற்கான வழி வனத்துறையிடம்தான் இருக்கிறது.

உரிமம் பெற்றிருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமை மாற்றம் பற்றி அதன்பின் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒப்படைக்கும் முன், பழைய உரிமத்தில் இருக்கும் விவரத்தையும், வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குழலை மாற்றினால் அதில் பொறித்திருக்கும் முத்திரையும் ஆண்டும் அதோடு போய்விடும். அந்தத் துப்பாக்கி எங்கே பிறந்து யார் கைக்கு வந்தது என்று சொல்ல அவைதான் சாட்சி.